ஃபிரான்ஸ்ல படகு வீட்டுல ஒரு வாரம்: கனால் து மிதி பத்தி எல்லாரும் கேட்கிற கேள்விகள்

போன செப்டம்பர்ல நாங்க காலேஜ் ஹாஸ்டல் தோழிங்க மூணு பேர், மூணு பேரோட வீட்டுக்காரங்க, ஆக மொத்தம் ஆறு பேரு தெற்கு ஃபிரான்ஸ்ல படகு வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டிக்கிட்டு ஒரு வாரம் சுத்திட்டு வந்தோம். போட்டோ போட்டதுலேர்ந்து போன், வாட்ஸப்புன்னு கேள்வி மேல கேள்வி. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

நீங்களே ஓட்டினீங்களா? லைசென்ஸ் வேணாமா?

வேணாம். எனக்கும் நம்பிக்கை வரல, ஆனா வாடகைப் படகுக்கு அங்க தனி லைசென்ஸ் தேவையில்ல. முதல் நாள் கம்பெனி ஆளு வந்து ஸ்டீயரிங், ரிவர்ஸ், கயிறு கட்டுறதுன்னு கொஞ்ச நேரம் சொல்லிக் குடுத்து ஒரு சின்ன ஓட்டம் கூட்டிட்டுப் போயிட்டு, லைசென்ஸுக்குப் பதிலா ஒரு தற்காலிக அனுமதிக் கார்டை எழுதிக் கையில குடுத்துட்டு இறங்கிப் போயிடுவாரு. அவரு இறங்கினதும் படகுக்குள்ள ஒரு அமைதி வரும் பாருங்க! முதல் ஒரு மணி நேரம் வாய்க்காலோட ரெண்டு கரையையும் மாத்தி மாத்தி முட்டிக்கிட்டே போனோம். காரு மாதிரி திருப்பினதும் திரும்பாது, திருப்பிட்டு மனசுக்குள்ள மூணு எண்ணணும், அப்புறமா மெதுவா மூக்கைத் திருப்பும். பதட்டத்துல இன்னும் கொஞ்சம் திருப்பினீங்கன்னா அந்தப் பக்கம் போய் இடிக்கும். சுத்தி ரப்பர் பந்தா தொங்குது, அதனால ஒண்ணும் ஆகாது, மானம் மட்டும்தான் போகும்.

எந்த கால்வாய் இது? எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

கனால் து மிதி. துலூஸ்ல ஆரம்பிச்சு மத்தியதரைக்கடல் பக்கத்துல இருக்கற தோ உப்பங்கழி வரைக்கும் 240 கிலோமீட்டர். 1666ல ஆரம்பிச்சு 1681ல திறந்தாங்க. 1996லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அந்தக் காலத்துல அட்லாண்டிக் பக்கத்துலேர்ந்து மத்தியதரைக்கடலுக்கு சரக்கு போகணும்னா ஸ்பெயினை முழுசா சுத்திக்கிட்டு ஜிப்ரால்டர் வழியாத்தான் போகணும், கொள்ளைக்காரன் பயம் வேற. கரோன் ஆத்தையும் இந்த வாய்க்காலையும் சேர்த்துட்டா நாட்டுக்குள்ளயே குறுக்கால போயிடலாம், அதான் ஐடியா. இப்ப சரக்கெல்லாம் கிடையாது, நம்மள மாதிரி வேலை வெட்டி இல்லாத ஆளுங்கதான்.

ஒரு வாரத்துல துலூஸ்லேர்ந்து கடல் வரைக்கும் போயிடலாமா?

எல்லாரும் பண்ற தப்பு இதுதான், நாங்களும் முதல்ல அப்படித்தான் பிளான் போட்டோம். எங்க செட்டுல ஒருத்தரு பேங்க் மேனேஜர், அவரு எக்செல் ஷீட்டு போட்டு ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர்னு கணக்கு காமிச்சாரு. வாய்க்கால்ல வேக வரம்பே மணிக்கு 8 கிலோமீட்டர். கட்டி நிக்கிற படகைத் தாண்டும்போது இன்னும் குறைக்கணும். இதுக்கு நடுவுல லாக் (படகை மேல கீழ ஏத்தி இறக்கற மதகுத் தொட்டி, கீழ விவரமா சொல்றேன்), லாக்குக்கு கியூ, மத்தியானம் லாக்குக்காரரு சாப்பிடப் போற ஒரு மணி நேரம் (12:30லேர்ந்து 1:30 வரைக்கும், யாரு வந்தாலும் திறக்க மாட்டாங்க), சாயங்காலம் 7 மணிக்கு மூடிடுவாங்க, வாடகைப் படகு ராத்திரியில ஓட்டவே கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க.

நாங்க கடைசியில எடுத்தது ட்ரெப்லேர்ந்து கொலோம்பியே வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டர். அதுக்கே சரியா இருந்துச்சு. என்னைக் கேட்டா உங்க மனசுல ஒரு தூரம் நினைச்சிருப்பீங்கல்ல, அதுல பாதி போதும். பக்கத்துல சைக்கிள்ல போற பாட்டி நம்மள தாண்டிப் போறாங்க, அதைப் பாத்து யாருக்கு வயித்தெரிச்சல் வருதோ அவங்க இந்த டிரிப்புக்கு வர வேணாம். 1787ல தாமஸ் ஜெஃபர்சன், பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனவரு, இதே வாய்க்கால்ல போயிருக்காரு. தன்னோட குதிரை வண்டியில சக்கரத்தைக் கழட்டிட்டு வண்டியைத் தூக்கி படகு மேல வச்சு, அதுக்குள்ள உக்காந்துக்கிட்டே வேடிக்கை பாத்துட்டுப் போனாராம். மனுஷன் ரசனைக்காரரு.

லாக்னா என்ன? ஆபத்தா?

எங்க தாத்தா பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்தவரு, மதகு ஷட்டரைத் தூக்கி இறக்குறதுதான் வேலை. அதனால எனக்கு இது சட்டுனு புரிஞ்சுது. ரெண்டு ஷட்டருக்கு நடுவுல ஒரு தொட்டின்னு வச்சுக்கங்க. மேல இருக்கற படகு தொட்டிக்குள்ள வந்ததும் பின் கதவை மூடிட்டு தண்ணியை மெதுவா கீழ விடுவாங்க, படகும் தண்ணியோட சேர்ந்து இறங்கும், கீழ்மட்டத்துக்கு வந்ததும் முன் கதவைத் திறப்பாங்க, போயிட்டே இருக்கலாம். ஏறணும்னா இதே கதை தலைகீழா.

இங்க தொட்டி நேர் செவுரு கிடையாது, முட்டை வடிவத்துல வளைஞ்சிருக்கும். முதல்ல நேர் செவுரு வச்சுக் கட்டினது மண்ணு அழுத்தம் தாங்காம சரிஞ்சுபோச்சு, அப்புறம்தான் வளைவா கட்டியிருக்காங்க. நம்ம கிணத்துச் செவுரு வட்டமா நிக்கிற அதே லாஜிக்.

ஆபத்தான்னா, கவனமா இல்லன்னா ஆபத்துதான். இறங்கும்போது கயிறை கரையில இருக்கற இரும்புக் கட்டையில ஒரு சுத்து மட்டும் சுத்தி கையில புடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கணும், முடிச்சு போடவே கூடாது. எங்க வீட்டுக்காரரு மாட்டைக் கட்டுற மாதிரி நல்லா இறுக்கி முடிச்சு போட்டுட்டு போட்டோ எடுக்கப் போயிட்டாரு. தண்ணி இறங்குது, படகோட முன்பக்கம் மட்டும் கயித்துல தொங்குது, உள்ள கிச்சன்ல ஏனமெல்லாம் சரிஞ்சு விழற சத்தம், லாக்குக்கார அம்மா ஃபிரெஞ்சுல கத்திக்கிட்டே ஓடி வந்து மதகை மூடினாங்க. அந்தம்மா பேசினதுல ஒரு வார்த்தை புரியல, ஆனா எல்லாம் புரிஞ்சுது. அன்னியோட அவருக்கு கயிறு டிபார்ட்மென்ட்லேர்ந்து சமையல் டிபார்ட்மென்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர்.

ஒரு டிப்ஸ்: மேட்டுலேர்ந்து கடல் பக்கமா போற ரூட் எடுங்க. எல்லா லாக்கும் இறக்கம்தான். ஏத்தத்துல தண்ணி கொதிக்கிற மாதிரி பொங்கி வந்து படகை ஆட்டும், ஒருத்தர் முன்னாடியே இறங்கி மேல போய் படகுலேர்ந்து வீசற கயிறைப் புடிக்கணும், புதுசா ஓட்டுறவங்களுக்கு நாக்கு தள்ளிடும். எங்க ரூட்ல பதினொரு இடத்துல லாக், எல்லாமே முதல் பாதியில. அர்ஜான்ஸ் தாண்டிட்டா அதுக்கப்புறம் சுமார் 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக் கூட கிடையாது, மலையோரமா வளைஞ்சு வளைஞ்சு ஒரே மட்டத்துல கொண்டு போயிருக்காங்க. காலு மேல காலு போட்டுக்கிட்டு ஓட்டலாம்.

மேட்டுல இருக்கற வாய்க்காலுக்கு தண்ணி எங்கேர்ந்து வருது?

இந்தக் கேள்வி கேட்டது எங்க சித்தப்பா மட்டும்தான், அவரு விவசாயி. மத்தவங்க எல்லாரும் பாத்ரூம் பத்திதான் கேட்டாங்க. (அதுவும் கீழ இருக்கு.)

ஒவ்வொரு தடவை லாக் திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணி கீழ போயிடுது. அப்ப உச்சியில தண்ணி வந்துக்கிட்டே இருந்தாத்தான் வாய்க்கால் உயிரோட இருக்கும். நோரூஸ்னு ஒரு இடம், அதுதான் உச்சி, கடல் மட்டத்துலேர்ந்து 190 மீட்டர் கிட்ட. அங்கேர்ந்து ஒரு பக்கம் அட்லாண்டிக், இன்னொரு பக்கம் மத்தியதரைக்கடல். இந்த மேட்டுக்கு தண்ணி எப்படி கொண்டாறதுன்னு தெரியாமத்தான் அதுக்கு முன்னாடி யோசிச்சவங்க எல்லாம் கைவிட்டுட்டாங்க. பியர் பால் ரிக்கேன்னு ஒருத்தரு, இன்ஜினியரே கிடையாது, ராஜாவுக்கு உப்பு வரி வசூல் பண்ணிக் குடுக்கற குத்தகைக்காரரு. கருப்பு மலைன்னு ஒரு மலை, அதுல ஓடுற ஓடைங்களை எல்லாம் மடக்கி, சரிவு கணக்கு பாத்து வாய்க்கால் வெட்டி நோரூஸுக்குக் கொண்டாந்தா முடியும்னு சொன்னாரு. கோடைக்கு சேமிக்க சான் ஃபெரியோல்னு ஒரு பெரிய அணையும் கட்டினாரு. ஒரு கட்டத்துல 12,000 பேரு வேலை பாத்திருக்காங்க, பொம்பளைங்களும் சேர்த்து. பதினாலாம் லூயி ராஜா காசு குடுத்தாலும் பத்தல, தன்னோட சொத்தையும் போட்டு கடனாளியா ஆகி, 1680ல செத்துப்போயிட்டாரு. வாய்க்கால் திறந்தது அடுத்த வருஷம். சித்தப்பா இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு. வந்துச்சு சித்தப்பா.

எந்த மாசம் போறது நல்லது?

மே, ஜூன் இல்லன்னா செப்டம்பர். ஜூலை ஆகஸ்ட் வெயிலும் கூட்டமும், லாக்ல மணிக்கணக்கா கியூ. குளிர்காலத்துல பராமரிப்புக்கு மூடிடுவாங்க. செப்டம்பர்ல ரெண்டு பக்கமும் திராட்சை அறுவடை, டிராக்டர்ல மலை மாதிரி திராட்சை போகும், ஊரே புளிச்ச வாசனை அடிக்கும். காத்து மட்டும் எந்த மாசமும் சொல்ல முடியாது. வடமேற்குலேர்ந்து செர்ஸ்னு ஒரு காத்து அடிக்கும், படகு லேசுங்கறதால அப்படியே தள்ளிக்கிட்டுப் போயிடும். ஒரு நாள் முழுக்க கரையில கட்டிப்போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடினோம்.

செலவு?

எங்க ஆறு பேருக்கு மூணு பெட்ரூம் படகு வாரத்துக்கு 2,700 யூரோ ஆச்சு. டீசல் தனி, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு மீட்டர் பாத்து வாங்குவாங்க. லாக்குக்கு காசு கிடையாது. சைக்கிள் வாடகை தனி, ஆனா எடுத்தே ஆகணும், இல்லன்னா ஊருக்குள்ள கடைக்குப் போக முடியாது. டெபாசிட் பெரிய தொகை கேப்பாங்க, கிரெடிட் கார்டுல லிமிட் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கங்க, நாங்க கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டு மூணு கார்டை மாத்தி மாத்தி தேய்ச்சது ஒரு தனிக் கதை.

சைவம் சாப்பிடறவங்க என்ன பண்றது?

ஹோட்டலை நம்பினா பட்டினிதான். அந்தப் பக்கத்துப் பெருமையே கசூலேன்னு ஒரு ஐட்டம், வெள்ளை பீன்ஸை வாத்துக்கறி, பன்னி சாசேஜோட மண் சட்டியில மணிக்கணக்கா வேக வைக்கிறது, காஸ்டெல்நோதரி ஊர்க்காரங்க அது எங்க ஊருதுன்னு சண்டைக்கே வருவாங்க. அசைவம் சாப்பிட்டவங்க மூணு பேரும் ஆஹா ஓஹோன்னாங்க. சாப்பிட்ட பிறகு அன்னிக்கு மத்தியானம் படகு ஓட்ட ஒரு ஆளு இல்ல, எல்லாம் மேல் தட்டுல குறட்டை.

ஆனா படகுல முழு கிச்சன் இருக்கு, கேஸ் அடுப்பு, ஓவன், ஃபிரிட்ஜ். சந்தை நாளைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும். கார்க்கசோன்ல செவ்வாய், வியாழன், சனி சந்தை. வழியில ஓம்ப்ஸ்ங்கற ஊர்லேர்ந்து சைக்கிள் மிதிச்சா ஒலோன்சாக், அங்க செவ்வாய்க்கிழமை. தக்காளி, கத்திரிக்காய், அத்திப்பழம், ஆட்டுப்பால் சீஸ், பிறை மாதிரி வளைஞ்ச பச்சை ஆலிவ் ஒண்ணு இருக்கு, லூக்குன்னு பேரு, ஊறுகாய் மாதிரி கையை விட்டு எடுத்தா நிறுத்த முடியாது. காலையில பேக்கரிக்கு சைக்கிள்ல போய் சூடா ரொட்டி வாங்கிட்டு வர்ற வேலைக்கு தினமும் போட்டி. கடையெல்லாம் மத்தியானம் மூடிடுவாங்க, ஞாயிறு மத்தியானத்துக்கு மேல ஊரே அடங்கிடும், அதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுடுங்க.

எங்க தோழிங்கள்ல ஒருத்தி, டாக்டரம்மா, ஃபிராங்க்ஃபர்ட்லேர்ந்து குக்கர் தூக்கிட்டு வந்திருந்தா. லு சொமாய்ங்கற ஊர்ல சாயங்காலம் அமைதியா எல்லாரும் ஒயின் வச்சு உக்காந்திருக்காங்க, எங்க படகுல முதல் விசில். பக்கத்துப் படகு ஜெர்மன்காரரு எந்திரிச்சு வந்து இன்ஜின் ஏதாவது பிரச்சனையான்னு கேட்டாரு. இல்ல சார், சாம்பார்னு சொல்லி ஒரு கிண்ணம் குடுத்தோம். மறுநாள் காலையில கிண்ணத்தைக் கழுவி அதுல திராட்சை போட்டு திருப்பிக் குடுத்தாரு.

பாத்ரூம் எப்படி?

சின்னது. ரயில் பாத்ரூமை விட பரவாயில்ல. ஃப்ளஷ் பண்ண பம்ப் இருக்கும், பேப்பர் தவிர வேற எதுவும் போடக்கூடாது, அடைச்சுக்கிட்டா உங்க பாடு. ஷவருக்கு டேங்க் தண்ணிதான், ஆறு பேரு தாராளமா குளிச்சா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை துறைமுகத்துல பைப் மாட்டி நிரப்பணும். ஒரு நாள் தலைக்கு ஷாம்பு போட்டுட்டு நிக்கிறேன், தண்ணி நின்னுபோச்சு. மீதி சொல்ல மாட்டேன்.

வாய்க்கால்ல குதிச்சு நீச்சல் அடிக்கலாமா?

கூடாது, தடை. அந்தத் தண்ணி நிறத்தைப் பாத்தா நீங்களே கேக்க மாட்டீங்க.

போட்டோல ரெண்டு பக்கமும் பெரிய மரம் குகை மாதிரி இருக்குமே, உங்க போட்டோல பாதி இடம் மொட்டையா இருக்கே?

அது பிளேன்னு ஒரு வகை நிழல் மரம். மொத்தம் 42,000 மரம் இருந்துச்சு. 2006ல ஒரு பூஞ்சை நோய் கண்டுபுடிச்சாங்க, வந்த மரம் தப்பாது, வேர் வழியா அடுத்த மரத்துக்கும் போயிடும், படகோட கயிறு உரசின காயம் வழியாவும் பரவும். இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரங்க கொண்டாந்த வெடிமருந்துப் பெட்டி மரத்துல ஒட்டிக்கிட்டு ஃபிரான்ஸுக்கு வந்த நோய்னு சொல்றாங்க. மருந்து கிடையாது, வெட்டி எரிக்கிறதுதான் வழி. ட்ரெப் பக்கமெல்லாம் வெட்டிட்டு வேற ஜாதிக் கன்னு வச்சிருக்காங்க, இப்பத்தான் ஆள் உயரம் வளர்ந்திருக்கு. அதனால தொப்பி, சன்ஸ்கிரீன் கட்டாயம். மரத்துல மட்டும் கயிறு கட்டாதீங்க, அது தடையும் கூட.

ராத்திரி எங்க நிறுத்துவீங்க? பயமா இல்லையா?

ஊருக்கு ஊரு சின்ன துறை இருக்கு, கரண்ட், தண்ணிக்கு காசு வாங்குவாங்க. இல்லன்னா கரையில எங்க வேணா ரெண்டு இரும்பு முளையை சுத்தியலால அடிச்சு கட்டிக்கலாம், லாக், பாலம், வளைவு கிட்ட மட்டும் கூடாது. நாங்க ரெண்டு ராத்திரி அப்படி திராட்சைத் தோட்டத்து ஓரமா கட்டினோம். தவளை சத்தம் தவிர ஒண்ணும் இல்ல. பயம்னு பாத்தா, ஒரு தடவை முளை பிடுங்கிக்கிட்டு காலையில எந்திரிச்சா படகு எதிர்க்கரையில இருந்துச்சு. ஈர மண்ணுல முளையை சாய்ச்சு அடிக்கணும்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

எந்த ஊரெல்லாம் கண்டிப்பா இறங்கிப் பாக்கணும்?

கார்க்கசோன் கோட்டை எல்லாரும் சொல்வாங்க, படகு எடுக்கறதுக்கு முந்தின நாளே பாத்துடுங்க. ரெட்டை மதிலு, கூம்பு கோபுரம், எல்லாம் பிரமாதம்தான், ஆனா பத்தொன்பதாம் நூத்தாண்டுல வியோலே லு துக்னு ஒரு கட்டடக் கலைஞர் நிறைய புதுப்பிச்சு கட்டினது. இதுல ஒரு கூத்து, வாய்க்கால் வெட்டினப்ப இந்த ஊர்க்காரங்க காசு குடுக்க மாட்டோம்னுட்டாங்க, வாய்க்கால் ஊரை விட்டு தள்ளிப் போயிடுச்சு, அப்புறம் 1810லதான் வழியைத் திருப்பி ஊருக்குள்ள கொண்டாந்தாங்க.

எகுய் லாக்ல லாக்குக்காரரு பழைய இரும்பு, மரக்கட்டை வச்சு செஞ்ச பொம்மைங்க கரை முழுக்க நிக்கும், கியூல நிக்கிறது தெரியாது. பராசா பக்கத்துல ரெபுத்ர் ஆத்து மேல நம்ம படகு போகும், அதாவது தொட்டிப்பாலம், 1676ல கட்டினது, கீழ ஆறு ஓடுது மேல நாங்க டீ குடிச்சுக்கிட்டு போறோம். லு சொமாய் சின்னூண்டு ஊரு, கூன் விழுந்த கல் பாலம், பெரிய பழைய புத்தகக் கடை. பக்கத்துல ஒரு கிளை வாய்க்கால் பிரிஞ்சு நார்பொன் போகும், எங்களுக்கு நேரமில்ல, அங்க 1901ல திறந்த மார்க்கெட் ஒண்ணு இருக்கு, அதை விட்டுட்டு வந்தது எனக்கு இன்னும் ஆறல. கபெஸ்தான் பாலம் ரொம்ப தாழ்வு, மேல் தட்டுல இருக்கறவங்க நாற்காலி, குடை எல்லாம் மடக்கிட்டு தலையைக் குனியணும், விளையாட்டுக்கு சொல்லல.

எனக்குப் புடிச்சது மல்பாஸ். மலையைக் குடைஞ்சு 1679ல போட்ட சுரங்கம், ஐரோப்பாவுலேயே படகு போறதுக்குன்னு வெட்டின முதல் சுரங்கம். மண்ணு பொலபொலன்னு உதிருதுன்னு வேலையை நிறுத்தச் சொல்லிட்டாங்களாம், ரிக்கே யாருக்கும் தெரியாம ஆளை வச்சு சில நாள்லயே குடைஞ்சு முடிச்சாருன்னு கதை சொல்வாங்க. ஒரு படகுதான் போகலாம், ஹாரன் அடிச்சுட்டு நுழையணும். இதுக்கு நேர் கீழ ரயில் சுரங்கம் போகுது, அதுக்கும் கீழ 13ஆம் நூத்தாண்டுல வெட்டின வடிகால். அந்த வடிகால் எதுக்குன்னா பக்கத்துல மொன்தாதி ஏரியை 1247ல வடிச்சு வயலாக்கினாங்க. படகைக் கட்டிட்டு ஆன்செரூன் குன்று மேல ஏறிப் பாருங்க, வயலெல்லாம் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நடுவுக்கு ஓடும், எல்லாத் தண்ணியும் நடுவுல சேர்ந்து அந்த வடிகால்ல போகும். தாத்தா பாத்திருந்தா அங்கேயே துண்டை விரிச்சு உக்காந்திருப்பாரு.

கொலோம்பியேல படகை விட்டுட்டு சைக்கிள்ல ஃபொன்செரான் போனோம், பெசியே பக்கம், படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா லாக், 21 மீட்டருக்கு மேல இறக்கம். மத்தவங்க படகு இறங்குறதை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டே பாக்கறது, கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதை விட சுகம்.

ஆறு பேரு ஒரு வாரம் ஒரே படகுல, சண்டை வரலையா?

வந்துச்சு. மூணாவது நாள், பாத்திரம் கழுவறதுல. படகுல கோவிச்சுக்கிட்டுப் போக இடம் கிடையாது, அதான் பிரச்சனை. எங்க ஆளு இறங்கி கரையோர நடைபாதையில நடந்தாரு, படகு பக்கத்துலயே அதே வேகத்துல போகுது, நாங்க மேலேர்ந்து காபி வேணுமான்னு கேட்டுக்கிட்டே வர்றோம், ரெண்டு கிலோமீட்டர் முறைச்சுக்கிட்டு நடந்துட்டு அடுத்த லாக்ல ஏறிட்டாரு. கிளம்பறதுக்கு முன்னாடியே யாரு ஸ்டீயரிங், யாரு கயிறு, யாரு சமையல்னு பேசிடுங்க. ஓட்டுறவரு சாயங்காலம் கட்டி முடிக்கிற வரைக்கும் ஒயின் தொடக்கூடாது, அதையும் முதல்லயே பேசிடுங்க.

அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போலாமா?

முட்டி வலி இருந்தா யோசிங்க, படி செங்குத்து, கரைக்குத் தாவி ஏறணும். சின்னப் பிள்ளைங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கம்பெனியிலயே குடுப்பாங்க, கழட்டவே விடாதீங்க.

இந்தியாலேர்ந்து எப்படிப் போறது?

ஷெங்கன் விசா எடுக்கணும். நாங்க திருச்சியிலேர்ந்து போனவங்க படகு புக்கிங்கை தங்குற இடத்துக்கு ஆதாரமா குடுத்தோம், முகவரிக்கு நேரா படகு எடுக்கற துறை முகவரியைப் போட்டோம், வேற கேள்வி கேக்கல. துலூஸ் வரைக்கும் விமானம், அங்கேர்ந்து கார்க்கசோன் ரயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள, அங்கேர்ந்து ட்ரெப் டாக்ஸி.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

கயிறு புடிக்க தோட்டக் கையுறை, எங்க ரெண்டு பேருக்கு உள்ளங்கை தோல் உரிஞ்சுபோச்சு. வழுக்காத செருப்பு. டார்ச். கொசுவத்தி. பெரிய சூட்கேஸ் வேணவே வேணாம், வைக்க இடமில்ல, மடிக்கிற பை போதும். அப்புறம் ரெண்டு வார்த்தை ஃபிரெஞ்சு, லாக்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி "போன்ஜூர்" சொல்லாம நேரா விஷயத்துக்கு வந்தீங்கன்னா மூஞ்சி மாறிடும்.

படகைத் திருப்பிக் குடுக்கும்போது என்ன பாப்பாங்க?

சுத்தமா இருக்கா, ஏதாவது உடைஞ்சிருக்கா, முளையும் சுத்தியலும் இருக்கா. எங்களுதுல ஒரு முளை வாய்க்காலுக்குள்ள போயிருந்துச்சு, டெபாசிட்ல கொஞ்சம் புடிச்சாங்க. வந்த ஆளு படகை சுத்திப் பாத்துட்டு கடைசியில கிச்சன்ல நின்னு மூக்கை உறிஞ்சாரு, இது என்ன வாசனைன்னாரு. பெருங்காய டப்பாவைத் திறந்து காமிச்சோம். அவரு ரெண்டடி பின்னாடி போயிட்டு, ஜன்னல் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா திறந்து விட்டாரு.